வாசலில் சொல்லும் பெயர்

அக்கா மகன் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் ஓர் இரவு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தான்.

"மாமா, ரெண்டும் தனித்தனி ப்ராஜெக்ட். ஒண்ணு கடை, ஒண்ணு நூலகம். டேட்டாபேஸ் வேற, கோடு வேற. ஆனா கடையில லாகின் பண்ணா நூலகத்துல லாக் அவுட் ஆயிடுது. நூலகத்துல லாகின் பண்ணா கடை என்னை வெளியே தள்ளிடுது."

செய்து காட்டினான். உலாவியில் இரண்டு பக்கங்கள் திறந்திருந்தன. ஒன்றின் முகவரி லோக்கல்ஹோஸ்ட் 8000, மற்றது லோக்கல்ஹோஸ்ட் 8001. இரண்டையும் பைத்தான் மொழியில், ஜாங்கோவை வைத்து எழுதியிருந்தான். ஒன்றுக்கொன்று ஒரு வார்த்தை கூடப் பேசிக்கொள்ளாத நிரல்கள். ஆனாலும் ஒன்றில் உள்ளே போனால் மற்றதில் வெளியே வந்துவிடுகிறான். அவன் எழுதிய கோடில் எந்தப் பிழையும் இல்லை.

முதலில் அந்த முகவரியைப் பார்ப்போம். லோக்கல்ஹோஸ்ட் என்றால் 'இதே கணினி'. எண்ணில் எழுதினால் 127.0.0.1. இந்த ஒன்று மட்டுமல்ல, 127-இல் தொடங்கும் 1,67,77,216 முகவரிகளும் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. அவற்றைத் தாங்கிய எந்தத் தரவும் கணினியை விட்டு வெளியே தலைகாட்டக் கூடாது என்று 1989-இல் எழுதப்பட்ட இணைய விதி ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறது. உலாவி கேட்கும் கேள்வி இயங்குதளத்துக்குள் இறங்கி, கம்பியையும் வைஃபையையும் தொடாமல் அங்கேயே திரும்பி, மேலேறி, சர்வர் நிரலின் காதில் விழுகிறது. வைஃபையை அணைத்துவிட்டாலும் இது நடக்கும். உலகத்தோடு பேச உண்டாக்கிய அதே மொழியில், அதே முறைமைகளோடு, கணினி தன்னோடு பேசிக்கொள்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

அந்த முகவரிக்குள் கதவுகள் உண்டு. போர்ட் என்பார்கள். போர்ட் எண்ணுக்கு 16 பிட் இடம் ஒதுக்கியிருப்பதால் 65,536 எண்கள். சாதாரண வலைப்பக்கத்துக்கு 80, பூட்டுப் போட்ட பக்கத்துக்கு 443. இவற்றை முகவரியில் எழுத வேண்டியதில்லை, உலாவியே ஊகித்துக்கொள்ளும். நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் கதவுகள் வேறு. ஜாங்கோ 8000-இல் நிற்கும். வீட் என்ற கருவி 5173-இல் நிற்கும். அந்த ஐந்தை ரோமானிய எண்ணாகவும் மற்ற இலக்கங்களை அவற்றின் சாயலில் உள்ள ஆங்கில எழுத்துகளாகவும் படித்தால் கருவியின் பெயரே வந்துவிடும்.

இனி குக்கி. வலைக்கு ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கிய மறுகணமே சர்வர் நம்மை மறந்துவிடும். இதைத் தீர்க்க 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி ஒரு வழி செய்தார். சர்வர் ஒரு சின்னச் சீட்டைக் கொடுக்கும், அடுத்த முறை வரும்போது உலாவி அதைத் திரும்பக் காட்டும். லாகின் என்று நாம் சொல்வது அநேகமாக இந்தச் சீட்டைத்தான். சீட்டுகளை உலாவி ஒவ்வொரு தளத்தின் பெயர்வாரியாக அடுக்கி வைக்கிறது. போர்ட் எண்ணை அது பார்ப்பதே இல்லை. உலாவியின் கணக்கில் 8000-மும் 8001-உம் லோக்கல்ஹோஸ்ட் என்ற ஒரே ஆள். நாம் மாற்றாதவரை, ஜாங்கோ தன் சீட்டுக்கு செஷன்ஐடி என்றே பெயர் வைக்கும். ஒரே ஆளிடமிருந்து, ஒரே பெயரில் இரண்டாவது சீட்டு வந்தால் பழையது அழிந்து புதியது உட்காரும். கடையில் நுழைந்ததும் நூலகச் சீட்டு போய்விட்டது. புதிர் அவ்வளவுதான்.

ஆனால் இதே உலாவிக்குள் இன்னொரு விதியும் இருக்கிறது. 1995-இல் ஜாவாஸ்கிரிப்ட் வந்தபோது, ஒரு பக்கத்தில் ஓடும் நிரல் வேறொரு தளத்தின் தரவை எட்டிப் பார்க்காமல் தடுக்க வேண்டியிருந்தது. 'ஒரே தளம்' என்றால் என்ன? நெறிமுறை, பெயர், போர்ட் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும் என்று வைத்தார்கள். இந்தக் கணக்கில் 8000-மும் 8001-உம் அந்நியர்கள். முன்பக்கம் 5173-இல் ஓட, தரவு 8000-இல் இருந்தால், நீங்களே எழுதிய இரண்டு நிரல்கள், ஒரே மேசைமேல், உலாவியின் பார்வையில் முன்பின் தெரியாதவர்கள். பின்னது வெளிப்படையாகச் சம்மதம் தெரிவிக்காமல் முன்னது அதன் பதிலைப் படிக்க முடியாது. புதிதாக வலை நிரல் கற்கும் ஒவ்வொருவரும் சிவப்பு எழுத்தில் காணும் அந்த கார்ஸ் பிழை இதுதான்.

ஒரே நிறுவனத்தில், ஓராண்டு இடைவெளியில் பிறந்த இரண்டு விதிகள் 'யார் யார்' என்பதில் ஒத்துப்போகவில்லை. பிற்பாடு மாற்ற வழியில்லை, உலகமே அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. 2011-இல் வெளிவந்த குக்கி விதிமுறை, போர்ட்வாரியாகக் குக்கிகள் பிரிவதில்லை என்பதைத் தன் பலவீனங்களில் ஒன்றாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆக, உள்கணினியில் வேலை செய்கிறவருக்கு இரு பக்கமும் இடி. பிரிந்திருக்க வேண்டியவற்றை உலாவி சேர்த்துவிடுகிறது, சேர்ந்திருக்க வேண்டியவற்றைப் பிரித்துவிடுகிறது.

இந்த இரண்டையும் ஒரே கருவி சரி செய்கிறது என்பதுதான் அன்றிரவு அவனிடம் நான் சொல்ல விரும்பியது. அதன் பெயர் ரிவர்ஸ் ப்ராக்ஸி. அது எப்படிச் சாத்தியமாகிறது என்று புரிய, கடிதத்தில் எழுதும் பெயரைப் பற்றிப் பேச வேண்டும்.

திருவல்லிக்கேணியின் பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தெருவைப் பார்த்து ஒரே வாசல், ஒரே கதவு எண். உள்ளே ஏழெட்டுக் குடும்பங்கள். தபால்காரர் கதவு எண்ணைப் பார்த்து வீட்டுக்கு வந்துவிடுவார். அதற்குமேல் கடிதத்தில் எழுதியிருக்கும் பெயர்தான் வழி. பெயர் எழுதாத கடிதம் வந்தால் அது யாருக்கு?

தொடக்க கால வலையில் கடிதங்கள் அப்படித்தான் வந்தன. உலாவி ஒரு தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றிக்கொண்டு அந்தக் கணினியின் கதவைத் தட்டி, 'இந்தப் பக்கத்தைக் கொடு' என்று மட்டும் கேட்கும். எந்தத் தளத்தின் பக்கம் என்று சொல்லாது. ஒரு வீட்டில் ஒரே குடும்பம் இருந்தவரை இது போதுமானதாக இருந்தது. தளங்கள் பெருகியபோது ஒவ்வொன்றுக்கும் தனி எண் முகவரி வேண்டியிருந்தது. முகவரிகளோ எண்ணிக்கைக்கு உட்பட்டவை. 1997 ஜனவரியில் வெளியான எச்டிடிபி 1.1 விதிமுறை ஒரு வரியைக் கட்டாயமாக்கியது. ஹோஸ்ட் என்று தொடங்கி, யாரைத் தேடி வந்திருக்கிறோம் என்று பெயர் சொல்லும் வரி. அந்த வரி இல்லாமல் வருகிறவரைச் சர்வர் '400' என்று திருப்பி அனுப்பிவிட வேண்டும். ஓர் எண் முகவரியின் பின்னால் ஆயிரம் தளங்கள் குடியிருக்கலாம் என்று ஆனது இந்த ஒரு வரியால். வலையின் வரலாற்றில் இதைவிடச் சின்னதாக எழுதப்பட்டு இதைவிடப் பெரிய இடத்தைத் திறந்துவிட்ட வரி வேறு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒண்டுக்குடித்தன வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தபாலை அவரே வாங்குவார், பெயரைப் பார்த்து உரிய அறையில் கொடுப்பார், பதிலையும் அவரே வாசலில் கொடுப்பார். தபால்காரர் உள்ளே போவதே இல்லை. ஒரு குடும்பம் முன்கட்டிலிருந்து பின்கட்டுக்கு மாறினாலும் அவருக்குத் தெரியாது. ரிவர்ஸ் ப்ராக்ஸி செய்வது இந்தப் பாட்டியின் வேலை.

'ரிவர்ஸ்' ஏன்? ப்ராக்ஸி என்ற சொல் முதலில் எதிர்ப்பக்கத்து ஆளைக் குறித்தது. 1994-இல் ஜெனீவாவில் நடந்த முதல் உலக வலை மாநாட்டில் அரி லுவோட்டோனனும் கெவின் ஆல்டிஸும் வலை ப்ராக்ஸிகளைப் பற்றி ஒரு கட்டுரை அளித்தார்கள். பாதுகாப்புச் சுவருக்குள் இருப்பவர்களுக்காக வெளியே போய்ப் பக்கங்களைக் கொண்டுவரும் ஏவலாள் அது. கேட்கிறவர் பக்கம் நிற்பது அந்த ப்ராக்ஸி. கொடுக்கிறவர் பக்கம் நின்று வருகிறவர்களை வாங்கிக்கொள்வது அதன் தலைகீழ்.

இந்த வேலைக்கு இன்று பரவலாக உள்ள மென்பொருள்களில் ஒன்று என்ஜின்எக்ஸ். ரஷ்யாவின் ராம்ப்ளர் நிறுவனத்தில் பணிபுரிந்த இகோர் சிசோயேவ் 2002-இல் எழுதத் தொடங்கி 2004 அக்டோபரில் வெளியிட்டார். ஒரே கணினி ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேருக்குப் பதில் சொல்ல முடியுமா என்பது அன்றைய பெரிய கேள்வி. வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆளை நிறுத்தினால் முடியாது. யாருக்கு எப்போது வேலை வருகிறதோ அப்போது மட்டும் திரும்பிப் பார்க்கும் ஒரே ஆள் இருந்தால் முடியும். பத்தாயிரம் பேருக்காகக் கட்டிய அதே மென்பொருள் மடியில் இருக்கும் கணினியில், ஒரே ஒரு மாணவனுக்காகவும் நிற்கும்.

நாங்கள் நிறுவத் தொடங்கினோம்.

முதல் தேவை, பெயர்கள். இயங்குதளத்தில் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு இருக்கிறது. இணையத்தின் பெயர் அமைப்பைக் கேட்பதற்கு முன் கணினி வழக்கமாக இதைத்தான் புரட்டும். இது ஒரு தொல்பொருள். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் காலத்தில், கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த எஸ்ஆர்ஐ ஆய்வகத்தில், எலிசபெத் ஃபைன்லரின் குழு அந்த வலையில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களையும் ஒரே கோப்பில் பராமரித்தது. மற்றவர்கள் அதைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். வலை வளர்ந்து கோப்பு தாங்காமல் போகவே, 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் இன்றைய டிஎன்எஸ் முறையை வகுத்தார். ஆனால் அந்தக் கோப்பு சாகவில்லை. அதன் வாரிசு இப்போதும் உங்கள் கணினியில் இருக்கிறது. அதில் இரண்டு வரிகள் சேர்த்தோம்: 127.0.0.1 என்ற எண்ணுக்கு நேராக, ஆங்கில எழுத்துகளில், கடை.டெஸ்ட் என்றும் நூலகம்.டெஸ்ட் என்றும்.

"டாட் டெவ்னு வச்சா நல்லா இருக்குமே மாமா?" என்றான். பலருக்கும் அப்படித்தான் தோன்றியது. பல ஆண்டுகள் நிரலர்கள் தங்கள் உள்கணினித் தளங்களுக்கு டாட் டெவ் என்றே பெயர் வைத்துவந்தார்கள். ஆனால் அந்தப் பின்னொட்டு பிறகு கூகுளின் பொறுப்பில் உண்மையான இணையப் பெயராகிவிட்டது. 2017 டிசம்பரில் வந்த க்ரோம் 63, டாட் டெவ் என்று முடியும் எதையும் பூட்டுப் போட்ட இணைப்பில் மட்டுமே திறப்பேன் என்றது. முந்தின நாள் வரை ஓடிய உள்கணினித் தளங்கள் மறுநாள் காலையில் திறக்கவில்லை. டாட் டெஸ்ட் அப்படி ஆகாது. 1999-லேயே டெஸ்ட், எக்ஸாம்பிள், இன்வேலிட், லோக்கல்ஹோஸ்ட் ஆகிய நான்கு பின்னொட்டுகளும் யாருக்கும் விற்கப்படாதவை என்று ஒதுக்கிவிட்டார்கள். ஊர் நடுவே யாரும் பட்டா போட முடியாத மந்தைவெளி போல.

அடுத்தது என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பு. 80-ஆம் கதவில் நில், கடை.டெஸ்ட் என்று கேட்டு வந்தால் 8000-க்கு அனுப்பு, நூலகம்.டெஸ்ட் என்றால் 8001-க்கு. அவ்வளவே. யூனிக்ஸ் மரபில் 1024-க்குக் கீழான கதவுகளில் நிற்க நிர்வாகி அனுமதி தேவைப்படும். பலர் பகிர்ந்து பயன்படுத்திய பெரிய கணினிகளின் காலத்து வழக்கம் அது. லினக்ஸ் வைத்திருந்ததால் அனுமதி கொடுத்துத் தொடங்கினோம். பக்கம் வந்தது. ஆனால் ஒரு தொடுப்பைச் சொடுக்கியதும் முகவரிப் பட்டையில் மறுபடி 127.0.0.1, பக்கத்திலேயே 8000.

பாட்டி கடிதத்தைப் பிரித்து வேறு உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறார். என்ஜின்எக்ஸ், நாம் வேறு மாதிரி சொல்லாதவரை, உள்ளே அனுப்பும்போது ஹோஸ்ட் வரியில் தான் பேசப்போகும் நிரலின் முகவரியை எழுதும். தன் பெயர் 127.0.0.1 என்று நம்பிய கடை நிரல், முழு முகவரி எழுத வேண்டிய இடத்தில் அதையே எழுதியது. 'வந்த பெயரை அப்படியே உள்ளே கொடு' என்று ஒரு வரி சேர்த்தோம். இப்போது ஜாங்கோவே '400' என்று மறுத்துவிட்டது. தனக்குத் தெரியாத பெயரைச் சொல்லி யாராவது வந்தால் அது திறக்காது. தீய எண்ணம் கொண்ட ஒரு வெளித்தளம் தன் பெயரையே 127.0.0.1-க்குத் திருப்பிவிட்டு, நம் உலாவி வழியாகவே நம் கணினிக்குள் புகப் பார்க்கும் தாக்குதல் ஒன்று உண்டு. அதற்கான காவல் இது. அனுமதிப் பட்டியலில் கடை.டெஸ்ட் என்று எழுதினோம். திறந்தது.

பாட்டி உள்ளே இன்னொரு குறிப்பும் அனுப்ப வேண்டும். நிரலின் கண்ணுக்கு இனி எல்லா வருகையாளரும் 127.0.0.1-லிருந்து வருகிறவர்கள்தான், கதவைத் தட்டுவது எப்போதும் ப்ராக்ஸி என்பதால். உண்மையில் வந்தவர் யார் என்று எழுதி அனுப்பும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற வரியை ஸ்குவிட் ப்ராக்ஸியை எழுதியவர்கள் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். இதில் ஒரு எச்சரிக்கை. அந்த வரியை வெளியாள் யாரும் எழுதி அனுப்பலாம். நம் ப்ராக்ஸி சேர்த்த பகுதியை மட்டுமே நிரல் நம்ப வேண்டும்.

இரண்டு தளங்களுக்கும் இப்போது இரண்டு பெயர்கள் என்பதால் உலாவி சீட்டுகளைத் தனித்தனியாக அடுக்கும். பிரித்தாயிற்று. சேர்ப்பது இன்னும் சுலபம். கடைக்கு வீட் கொண்டு ஒரு முன்பக்கம் எழுதத் தொடங்கியிருந்தான். கடை.டெஸ்ட் என்ற ஒரே பெயரின் கீழ், ஏபிஐ என்று தொடங்கும் பாதைகள் 8000-க்கும் மற்ற எல்லாம் 5173-க்கும் போகட்டும் என்று எழுதினோம். உலாவிக்கு இப்போது இரண்டு தளங்கள் இல்லை. நெறிமுறை ஒன்று, பெயர் ஒன்று, கதவு ஒன்று. கார்ஸ் பிழை வரவே இடமில்லை. இங்கே கவனிக்க வேண்டிய ஒரே எழுத்து, என்ஜின்எக்ஸ் கோப்பில் உள் முகவரியின் கடைசியில் வரும் சாய்கோடு. அது இருந்தால் பாதையிலிருந்து ஏபிஐ என்ற பகுதி வெட்டப்பட்டு உள்ளே போகும், இல்லாவிட்டால் முழுதாகப் போகும். இந்த ஒரு கோட்டினால் இழந்த மணிநேரங்களை நிரலர்கள் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். இன்னொன்று, கோப்பைச் சேமித்ததும் பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி. அது வெப்சாக்கெட் என்ற திறந்தபடியே இருக்கும் இணைப்பில் ஓடுகிறது. இணைப்பை மாற்றிக்கொள்ளச் சொல்லும் வரிகளை என்ஜின்எக்ஸ் தானாகக் கடத்தாது, வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொன்னோம்.

பிறகு பூட்டு. கேமரா, இருப்பிடம் போன்றவற்றை உலாவி பூட்டிய இணைப்பில் மட்டுமே பக்கங்களுக்குத் தருகிறது. லோக்கல்ஹோஸ்ட், 127.0.0.1 போன்ற உள்கணினி முகவரிகளுக்கு விலக்கு உண்டு. பெயரை மாற்றியதும் அந்தச் சலுகையை இழந்துவிட்டோம். லெட்ஸ் என்க்ரிப்ட் போன்ற அமைப்புகள் 2015-இலிருந்து இலவசச் சான்றிதழ் தருகின்றன. ஆனால் பெயர் உங்களுடையது என்று பொதுவில் நிரூபிக்க வேண்டும். யாருக்கும் சொந்தமில்லாத டாட் டெஸ்டுக்கு அது முடியாது. ஆகவே நமக்கு நாமே சான்றளிக்கும் அதிகாரியாக வேண்டும். ஃபிலிப்போ வல்சோர்தா 2018-இல் வெளியிட்ட எம்கே-செர்ட் என்ற கருவி அதைத்தான் செய்கிறது. கணினியில் ஒரு வேர்ச் சான்றிதழை உண்டாக்கி, உலாவியின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்து, அதன் பெயரால் கடை.டெஸ்டுக்கு ஒரு சான்றிதழ் எழுதித் தருகிறது. உலகில் இந்த ஒரு கணினி மட்டுமே மதிக்கும் ஓர் அதிகாரி! அந்த வேரின் ரகசியச் சாவி வேறொருவர் கைக்குப் போனால், அவர் எந்த வங்கியின் பெயரிலும் இந்தக் கணினியை ஏமாற்றலாம். அதை யாருக்கும் அனுப்பாதே என்று அவனிடம் இரண்டு முறை சொன்னேன்.

இங்கேதான் அவன் நல்ல கேள்வி ஒன்று கேட்டான். "பூட்டினதுக்கு அப்புறம்தானே மாமா ஹோஸ்ட் வரி போகும்? எந்தச் சான்றிதழைக் காட்டணும்னு பூட்டுறதுக்கு முன்னாடியே எப்படித் தெரியும்?"

உறைக்குள் எழுதிய பெயரை உறையைப் பிரிக்காமல் படிக்க முடியாது. இந்தச் சிக்கலால், பூட்டிய தளங்கள் மட்டும் நெடுங்காலம் தனி எண் முகவரி கேட்டுக்கொண்டிருந்தன. 2003-இல் தீர்வு எழுதப்பட்டது. பூட்டைப் பற்றிப் பேசத் தொடங்கும் முதல் வாக்கியத்திலேயே உலாவி தேடி வந்த பெயரைத் திறந்த குரலில் சொல்லிவிடும். எஸ்என்ஐ என்பார்கள். அதே பெயர் உறைக்கு வெளியே ஒருமுறை, உள்ளே ஒருமுறை.

பூட்டுப் போட்டதும் ஏபிஐக்குப் போன கேள்வி முடிவில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டுச் சுற்றியது. நிஜ சர்வரில் இருப்பதுபோல, பூட்டில்லாமல் வருகிறவரைப் பூட்டிய முகவரிக்கு அனுப்பும்படி ஜாங்கோவில் வைத்திருந்தான். பூட்டைத் திறப்பது வாசலில் இருக்கும் ப்ராக்ஸி. அங்கிருந்து உள்ளே போவது திறந்த கடிதம். ஜாங்கோ ஒவ்வொரு முறையும் 'பூட்டோடு வா' என்றது, உலாவி ஒவ்வொரு முறையும் பூட்டோடுதான் வந்தது. 'இவர் பூட்டிய வழியில்தான் வந்தார்' என்று ப்ராக்ஸி எழுதி அனுப்பும் குறிப்பை நம்பும்படி ஜாங்கோவிடம் சொன்னதும் சுற்று நின்றது. இது நிஜ சர்வரில், பயனாளர்கள் காத்திருக்கும் நேரத்தில் நேர்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வீட்டிலேயே இந்த வாசலைக் கட்டிப் பார்க்கச் சொல்கிறேன். கேடி என்ற மென்பொருளில் சில வரிகளிலேயே இதையெல்லாம் முடித்துவிடலாம். பூட்டு, குறிப்புகள், வெப்சாக்கெட் அனைத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அடுத்த முறை அவன் அதை எடுத்துக்கொள்ளட்டும். முதல் முறை ஒவ்வொரு வரியையும் கையால் எழுதியதால்தான் சான்றிதழைப் பற்றிய அந்தக் கேள்வி அவனுக்குத் தோன்றியது.

மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. கடையில் லாகின் செய்தான். நூலகத்தில் லாகின் செய்தான். மறுபடி கடைக்கு வந்தான். இரண்டிலும் உள்ளேயே இருந்தான். கடையில் இரண்டு நோட்டுப் புத்தகங்களைக் கூடையில் போட்டுவிட்டு, என்னை ஒருமுறை பார்த்து, டெர்மினலில் கடை நிரலை நிறுத்தினான். பக்கத்தைப் புதுப்பித்தான். கூடைக்கான தரவைக் கேட்ட இடத்தில் '502' என்றது ப்ராக்ஸி: வாசல் திறந்திருக்கிறது, அறையில் ஆளில்லை. நிரலை 9000-ஆம் கதவில் ஓடவிட்டு, அமைப்புக் கோப்பில் அந்த ஓர் எண்ணை மாற்றி, என்ஜின்எக்ஸை மீண்டும் படிக்கச் சொன்னான். பக்கத்தைப் புதுப்பித்தான். முகவரிப் பட்டையில் கடை.டெஸ்ட். கூடையில் இரண்டு நோட்டுப் புத்தகங்களும் அப்படியே இருந்தன.